நான்கு சக்கரமும் இழுத்த 11 நாள்: ஓராண்டு வண்டிக் கணக்கு

மன்னார்குடியில் நான் வழக்கமாகப் பெட்ரோல் போடும் பங்கில், குழாய் தானாக நின்றதும் ஊழியர் என் முகத்தைப் பார்ப்பார். "ரவுண்ட் பண்ணிடவாண்ணே?" என்று கேட்பார். வேண்டாம் என்று நான் தலையசைப்பேன். முதல் முறை நின்ற இடத்தோடு நிறுத்திவிட்டால்தான் அடுத்த முறை நிரப்பும்போது கணக்கு ஒத்துவரும். ரூபாயை முழு எண்ணாக்குவதற்காக இன்னும் ஒரு லிட்டரைத் திணித்தால் அந்த ஒரு லிட்டர் எந்தப் பயணத்தின் கணக்கில் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்குப் பார்ப்பதே என் தொழில் என்பதால், வண்டிக்கும் ஒரு நோட்டுப் போட்டு, தேதி, லிட்டர், ஓடிய தூரம், போன ஊர், சாலையின் நிலை ஆகியவற்றை இரண்டரை ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அதில் 2025-ஆம் ஆண்டுப் பக்கங்களைக் கூட்டிப் பார்த்ததில் தெரிந்தவைதான் இங்கே இருப்பவை.

வண்டி, மாருதி சுசுகி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் வகை. 1,462 சிசி பெட்ரோல் என்ஜின், கையால் மாற்றும் ஐந்து கியர், 45 லிட்டர் டேங்க், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை (ஆல் வீல் டிரைவ்). 2023-இன் நடுவில் வாங்கினேன். வாங்கியதற்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தப் புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சிறிய கார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும், அதையொட்டிய பழைய வீட்டில் அம்மாவும் உண்டு. அந்த வீட்டுக்குப் போய்ச்சேர எனக்கு மூன்று நாள் ஆனது. அன்று மனதில் விழுந்த எண்ணம், ஐந்து ஆண்டு கழித்து ஆல் வீல் டிரைவ் வண்டியாக வாசலில் வந்து நின்றது. உண்மையில் அந்த மூன்று நாளும் என்னைத் தடுத்தது சேறு அல்ல. சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த தென்னையும் மின்கம்பமும்தான். அவற்றின் முன்னால் எத்தனை சக்கரம் இழுத்தாலும் ஒன்றுதான் என்பது வாங்கும் நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் மைலேஜ். இந்த வகைக்கு நிறுவனம் அறிவித்துள்ள அளவு லிட்டருக்கு 19.38 கிலோமீட்டர். இதே என்ஜின், இதே கியர்ப்பெட்டி, முன்சக்கர இழுவை மட்டும் உள்ள வகைக்கு 21.11. மின்கலத்தின் துணையோடு ஓடும் ஹைப்ரிட் வகைக்கு 27.97, ஆனால் அதில் நான்கு சக்கர இழுவை கிடையாது. இந்த அளவுகள் சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுக்கப்படுபவை. அந்த ஓட்டத்தில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். வண்டிக்கு வண்டி ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். நம் ஊரில் சாலை நடுவே படுத்திருக்கும் மாட்டுக்கும், கரும்பு லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்வதற்கும் அதில் இடமில்லை என்பதால் சட்டைப் பையிலிருந்து எவ்வளவு போகும் என்று அதைக்கொண்டு கணிக்க முடியாது.

என் நோட்டின்படி 2025-இல் வண்டி ஓடியது 14,600 கிலோமீட்டர். குடித்தது 980 லிட்டர். ஆக லிட்டருக்கு 14.9. வண்டியின் திரை இதே காலத்துக்கு 15.8 என்று காட்டுகிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏறத்தாழ எல்லா வண்டித் திரையும் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்லும். 101 ரூபாய் 50 காசு என்று சராசரி விலை வைத்தால் பெட்ரோலுக்கு மட்டும் 99,500 ரூபாய், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 80 காசு.

சராசரியை விட, அது எந்த எண்களிலிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திருச்சி தஞ்சாவூர் நான்கு வழிச் சாலையில் 80-ஐத் தாண்டாமல் போய்வந்த டேங்குக்கு 18.3 கிடைத்தது. அதே சாலையில் அவசரமாக 100-இல் போனபோது 15.6. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 80-இலிருந்து 100-க்குப் போகும்போது அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது; உயரமான முகப்புள்ள இந்த மாதிரி வண்டிக்கு அது பாக்கெட்டில் தெரியும். மிச்சப்பட்ட நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. கும்பகோணத்துக்குள்ளேயே சுற்றிய வாரத்தில் 11.4. கார்த்திகையில் நிலத்துக்கும் வீட்டுக்குமாக முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் அலைந்த ஒரு டேங்குக்கு 11.2, ஆண்டிலேயே மிகக் குறைந்த எண் அது.

வெளியூர் நண்பர்கள், டெல்டா சமதரை ஆயிற்றே, ஏற்றம் இறக்கம் ஒன்றுமில்லையே, மைலேஜ் ஏன் இறங்குகிறது என்று கேட்பதுண்டு. சமதரை என்பது சரி. ஆனால் எங்கள் சாலைகள் நிலத்தை வெட்டிப் போட்டவை அல்ல; பலவும் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் பின்தொடர்ந்து போய்ப் பின்னர் சாலையானவை. வாய்க்கால் வளைந்த இடமெல்லாம் சாலையும் வளையும், மதகு வந்தால் குறுகும், ஊர் வந்தால் வேகத்தடை. ஒவ்வொரு முறையும் வண்டியின் எடையை வேகம் எடுக்கவைத்து, எடுத்த வேகத்தை பிரேக்கில் சூடாக்கி வீணடிப்பதற்குத்தான் பெட்ரோல் செலவாகிறது. மலையில் ஏறியதை இறக்கத்திலாவது கொஞ்சம் திரும்ப வாங்கலாம். வேகத்தடையில் விட்டது விட்டதுதான். இதற்கு மேல் நீடாமங்கலம் ரயில்வே கேட். அங்கே காத்திருக்கும் நேரத்தில் என்ஜின் தானாக அணைந்துகொள்ளும் வசதி இந்த வண்டியில் உண்டு, ஆனால் சித்திரை வெயிலில் ஏசி குளிர்ச்சி குறையத் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் என்ஜின் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். சரக்கு ரயிலும் பயணிகள் ரயிலும் அடுத்தடுத்து வருகிற நாள்களில் ஏசிக்காகவே அரை லிட்டர் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

எத்தனால் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் டீக்கடையில் மைலேஜ் பேச்சு வந்தால் இப்போது முதலில் வருவது அதுதான். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு 2025-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 விழுக்காடும், புதிய கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களுக்கு 1 முதல் 2 விழுக்காடும் மைலேஜ் குறையும் என்று எழுதியிருந்தார்கள். என் நோட்டில் 2024-இன் சராசரி 15.2, 2025-இல் 14.9. இரண்டு விழுக்காடு. அறிக்கையின் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று மகிழ்வதா, 2 விழுக்காடு போனதே என்று வருந்துவதா தெரியவில்லை. இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பு அரிசியும் எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கப்படுவதால், கொள்முதல் நிலையத்தில் நான் போட்ட மூட்டையில் ஒரு பிடி என் டேங்குக்கே திரும்பி வந்திருக்கவும் கூடும்.

இனி, கூடுதலாக இழுக்கும் அந்தப் பின்சக்கரங்களின் விலை. சாதாரணச் சாலையில் இந்த வண்டியை முன்சக்கரங்களே இழுக்கின்றன. முன் சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் பல தட்டு கிளட்ச் ஒன்று இறுகி, நடுவே ஓடும் நீண்ட தண்டின் வழியாகப் பின்சக்கரங்களுக்கும் இழுவை போகிறது. 'லாக்' என்ற நிலைக்குத் திருப்பினால் வழுக்கும்வரை காத்திராமல் அந்தப் பிணைப்பு இறுகியே இருக்கும். பின்சக்கரங்கள் வேலை செய்யாத நாளிலும் தண்டும் பற்சக்கரங்களும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். அவற்றின் எடையையும் சுமந்தே ஓட வேண்டும். அறிவிக்கப்பட்ட 21.11-க்கும் 19.38-க்கும் உள்ள எட்டு விழுக்காடு இடைவெளி இதனால் வருவது. அதே விகிதத்தை என் எண்ணுக்குப் பொருத்தினால், முன்சக்கர வகையை வாங்கியிருந்தால் எனக்கு 16.2 கிடைத்திருக்கும், ஆண்டுக்கு 80 லிட்டர், அதாவது சுமார் 8,100 ரூபாய் மிச்சமாகியிருக்கும். தண்டுக்கும் பின் அச்சுக்குமான எண்ணெய் மாற்றம் 1,900. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது டயர்.

ஐப்பசியில் ஒரு மாலை, எதிரே வந்த அறுவடை இயந்திரத்துக்கு வழிவிடப் போய், மதகின் உடைந்த சிமெண்ட் விளிம்பில் முன் இடது டயரின் பக்கவாட்டு கிழிந்தது. பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பஞ்சர் போட முடியாது. ஊர் எல்லையில் உள்ள ஒரு டயர் கடையில் ஒரே ஒரு புது டயரை மாட்டி, மற்ற மூன்றும் இன்னும் 7,000 கிலோமீட்டர் தாங்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். முன்சக்கர வண்டியாக இருந்தால் அதோடு சமாளித்திருக்கலாம். என் வண்டிக்கு அது சரிவராது என்பதை இரண்டு நாள் கழித்துக் கையேட்டைப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன். புது டயரில் எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு வரிப்பள்ளம் இருக்கும். என் பழைய டயர்களில் மிஞ்சியிருந்தது மூன்றரை. ஆரத்தில் நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். 215/60 ஆர் 17 அளவுள்ள டயர் புதிதாக இருக்கும்போது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 461 முறை சுற்றுகிறது. தேய்ந்தது 467 முறை. கிலோமீட்டருக்கு ஆறு சுற்று. இந்த வேறுபாடு இருக்கும்வரை, நல்ல தார்ச்சாலையிலும் சக்கரம் வழுக்குகிறதோ என்று வண்டி சந்தேகப்பட, பின்னாலிருக்கும் அந்தக் கிளட்ச் தேவையில்லாமல் இறுகியும் உரசியும் சூடாகும். அது கெட்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் டயரே மலிவு. எனவே மற்ற மூன்றையும் சேர்த்து மாற்றினேன். நான்குக்குமாக 38,600 ரூபாய். உயிரோடிருந்த மூன்று டயர்களில் நான் வீசியெறிந்த ஆயுளின் மதிப்பைக் கணக்கிட்டால் 4,500 ரூபாய் வருகிறது. அதுவும் ஆல் வீல் டிரைவின் பற்றுக் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

புது டயர் போட்ட பிறகு மைலேஜ் சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது. வண்டி தூரத்தைச் சக்கரச் சுற்றைக் கொண்டே எண்ணுகிறது. தேய்ந்த டயர் கூடுதலாகச் சுற்றுவதால் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டிவந்தது. நூற்றுக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் பொய். அந்தப் பொய் நின்றதும் 0.2 குறைந்தது. நோட்டின் ஓரத்தில் இதைச் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்.

டெல்டாவில் வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும் உள்ள இரண்டு செலவுகள் எந்த விளம்பரத்திலும் வராதவை. ஒன்று எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும், வரப்பில் இருந்த எலிகளுக்கு மறைவும் இரையும் போய்விட, அவை வீடுகளை நோக்கி வருகின்றன. ஓடி வந்து நின்ற வண்டியின் பானெட்டுக்கு அடியில் இருக்கும் கதகதப்பு அவற்றுக்கு நல்ல வீடு. மாசியில் ஒரு காலை என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. திறந்து பார்த்தால் பானெட்டின் உள்விரிப்புப் பஞ்சை உதிர்த்து மெத்தை போட்டிருந்தது. பக்கத்தில் நான்கைந்து நெற்கதிர். புகைக்குழாய் உணரிக்குப் போகும் வயர் இரண்டு இடத்தில் கத்தரித்ததுபோல் அறுபட்டிருந்தது. வயர் கட்டும் விரிப்பும் சேர்த்து 11,200 ரூபாய். சந்தையில் விற்கும் ஸ்பிரே, மின்கருவி எல்லாம் வாங்கிப் பார்த்தேன். கடைசியில் வயலுக்குக் கிட்டி (எலிப்பொறி) வைக்க வரும் பெரியவர்தான் வண்டியைச் சுற்றி நான்கு மூங்கில் கிட்டி வைத்துக் கொடுத்தார். "ராத்திரி வந்ததும் பானெட்டைத் தூக்கி வச்சிடுங்க தம்பி. சூடு தங்கலைன்னா அது தங்காது" என்றார். பானெட்டைத் திறந்துவைப்பதற்குச் செலவில்லை. அதன் பிறகு வயர் அறுபடவில்லை.

மற்றொன்று வைக்கோல். தை, மாசியில் கிராமச் சாலைகளில் நெல்லைக் காயப்போடுவதும் வைக்கோலைப் பரப்புவதும் இங்கே வழக்கம். மேலே ஏற்றிப் போவதைத் தவிர வேறு வழி இராது. முன்சக்கர வண்டியின் அடியில் சுழலும் பொருள் முன்பக்கத்தோடு முடிந்துவிடும். இந்த வண்டியில் நடுவே முழு நீளத்துக்கும் தண்டு சுழல்கிறது. அதில் வைக்கோல் புரி திரித்ததுபோல் சுற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே சூடான புகைக்குழாய். ஒருநாள் கருகல் வாடை வர, இறங்கி, சாக்கை விரித்துப் படுத்து, தண்டில் இறுகியிருந்ததை அரிவாளால் வெட்டி எடுத்தேன். ஒரு மாட்டுக்கு ஒரு வேளைக்குப் போதுமான அளவு இருந்தது. அன்று முதல் அறுவடைக் காலத்தில் அடிப்பகுதியை நீர் பீய்ச்சிக் கழுவுவதை மாதக் கணக்கில் சேர்த்துவிட்டேன். வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய்வந்தாலும் அந்தக் கழுவல் அவசியம். ஆண்டுக்கு 3,600.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். காப்பீடு 31,800. சர்வீஸ், மேலே சொன்ன எண்ணெய் மாற்றத்தையும் சேர்த்து 9,400. ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு அனுமதிக்கு 3,000. டயர்த் தேய்மானத்தில் இந்த ஆண்டுக்கான பங்கு 14,800. பெட்ரோலோடும் எலியோடும் கழுவலோடும் கூட்டினால் 1,73,300 ரூபாய். கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 87 காசு. வண்டியின் மதிப்புக் குறைவை இதில் சேர்க்கவில்லை. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டி வாங்குபவர்கள், நூறு ரூபாய்ச் செலவில் 57 ரூபாயைத்தான் விசாரிக்கிறார்கள்.

நான்கு சக்கர இழுவைக்கு நான் கொடுத்த கூடுதல், 8,100, 1,900, 4,500, ஆக 14,500. அதற்கு எதிரே, நோட்டில் 'சேறு' என்று குறித்த நாள்கள் 11. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை எங்கள் வயல்பாதை காங்கிரீட் போல இறுகிக் கிடக்கும். ஆவணியில் வாய்க்கால் உடைத்துக்கொண்ட ஒரு நாளையும் மார்கழியில் இரண்டு நாளையும் விட்டால் மற்ற எட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வந்தவை. ஒரு சேற்று நாளுக்கு 1,300 ரூபாய்க்கு மேல். வாங்கும்போது இந்த வகைக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்தைப் பத்தாண்டுக்குப் பிரித்து அதையும் ஏற்றினால் 2,680. எங்கள் தெருவில் டிராக்டர் வைத்திருப்பவர் சிக்கிய காரை இழுத்துவிட வாங்குவது 500.

அந்த 11 நாளில் ஒரு நாள் நானும் அந்த 500-ஐக் கொடுத்தேன். வண்டல் களி என்பது மணற்சேறு மாதிரி அல்ல. டயரின் வரிகளில் அப்பி, இரண்டு சுற்றில் டயரை வழவழப்பான உருளையாக்கிவிடும். அதன் பிறகு நான்கு சக்கரமும் சுழல்வது நான்கு குழி தோண்டுவதற்குத்தான் பயன்படும். 210 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் களியில் உட்கார்ந்து, வண்டி வயிற்றால் நின்றது. கயிறு கட்டிய டிராக்டர்காரர், "நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்னீங்களேண்ணே, நாலும் சேர்ந்துல்ல எறங்கியிருக்கு" என்றார். மறுக்க ஒன்றுமில்லை. மற்ற பத்து நாளில் 'லாக்' நிலையில், காலை அழுத்தாமல், நிற்காமல் உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பதையும் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவற்றில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து திருவாரூருக்கு அழைத்துப் போனது. அந்த வரியின் எதிரே எந்தத் தொகையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். கணக்காளனாக அது பிழை.

கும்பகோணத்தில் இருக்கும் என் பங்காளி முறை அண்ணன் சென்ற ஆண்டு இதே வண்டியை வாங்க யோசித்து, எந்த வகை எடுக்கலாம் என்று கேட்டார். இந்த மழைக்காலம் முழுவதும் பழைய காரிலேயே ஓட்டி, நகர முடியாமல் நின்ற நாள்களை மட்டும் காலண்டரில் வட்டமிடுங்கள் என்றேன். மார்கழி பிறந்ததும் போன் செய்தார். வட்டம் இரண்டு, அதில் ஒன்று பேட்டரி. முன்சக்கர வகைக்கே பணம் கட்டியிருக்கிறார்.